பன்னிரண்டாம் நம்பருக்கு லைன்

காலை ஏழு மணி இருபது நிமிடம். வாசலுக்கு வந்து திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் குப்புறப் படுத்திருந்த ஒரு மனிதரும், அவர் தலைமாட்டில் சாய்த்துக் கட்டியிருந்த ஒரு குவாலியும். கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி கிண்டும் பெரிய இரும்புச் சட்டி.

கேமரன் மலையில் தேயிலை நட்ட நாள் முதல் இன்றுவரை, பெண்டாட்டியோடு பேசாமல் இருப்பதற்காக இவ்வளவு உழைத்த மனிதர் வேறு எவரும் இல்லை.

தோட்டத்தில் அவருக்குப் பெயர் ஃபியூஸ். தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன். அவர் கை வைத்த பொருள் ஓடாமல் போனதில்லை. அது ஓடும்போது சுற்றியுள்ள நாலு வீட்டில் விளக்கு எரிந்ததும் இல்லை. பிரிஞ்சாங் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதன் முதுகில் ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகினார். அதற்குள் முந்நூறு படம், எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா வீடியோ எல்லாம். ரவுட்டர் சூடானது. அதைக் குளிரவைக்க மனைவி கமலாக்காவின் புது மிக்ஸியைப் பிரித்து, மோட்டாரில் விசிறி பொருத்தினார்.

அதைப் பார்த்தார் கமலாக்கா. துணிமணியை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் பன்னிரண்டாம் நம்பரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

"போய்க் கூப்பிடுங்க அண்ணே" என்றேன்.

"நானா போகச் சொன்னேன்? போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியாதா லா?"

எங்கள் பக்கத்தில் லைன் என்றால் வீட்டு வரிசை. ஃபோனுக்கு வருவதும் லைன்தான். லைனில் லைன் கிடையாது. தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றால் ஒரு கோடு வரும். அதனால் இன்டர்நெட் இல்லாமலே டேப்லெட்டில் படம் ஓடியபோது ஜனம் வாயைப் பிளந்தது. ஃபியூஸ் அண்ணன் விளக்கினார்: "இது வெளி லைன் இல்ல. நம்ம லைனோட லைன்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஆள் பெயர் வைக்க வேண்டும். அப்போதுதான் ரவுட்டரின் பட்டியலில் யார் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் மனதோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவரை வழிமறித்து, "ஏழாம் நம்பர், நேத்தும் அதே கல்யாண சீனா? மூணாவது தடவ" என்பார். ஏழாம் நம்பர் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

கமலாக்கா போன பிறகுதான் ரவுட்டரின் உண்மையான பயனை அவர் கண்டுபிடித்தார். வைஃபைக்கு என்ன பெயர் வைக்கிறோமோ அது எல்லார் டேப்லெட்டிலும் தெரியும். அவர் ஆங்கில எழுத்தில் பெயர் மாற்ற ஆரம்பித்தார். திங்கள்கிழமை 'கமலா கோவமா'. புதன்கிழமை 'மிக்சி வாங்கிட்டேன்'. வெள்ளிக்கிழமை 'கமலா சாப்டியா'. லைன் முழுக்க அதைப் படித்தது. ஐந்தாம் நம்பர் பாட்டையா வாசலில் உட்கார்ந்தபடி, "நான் சாப்ட்டேன்யா" என்று பதில் சொன்னார்.

படிக்க வேண்டியவர் மட்டும் படிக்கவில்லை. லைன் ஒன்பதாம் நம்பரோடு நின்றுவிட்டது. அலையைப் பன்னிரண்டாம் நம்பர் பக்கம் திருப்பிவிடத்தான் குவாலி.

"தம்பி" என்றார் கூரையிலிருந்து. "பன்னெண்டுல எத்தன கோடு காட்டுதுன்னு பாத்துட்டு வா."

"நீங்களே போய்ப் பாக்கலாமே."

"போனா பேச வேண்டி வரும்."

போனேன். கமலாக்காவின் டேப்லெட்டில் இரண்டு கோடு காட்டியது. அது ஈப்போவில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. அதில் 'எப்ப வருவ' என்று தெரிந்தது. அவர் படித்தார்.

"கேக்குறதுக்கு வாயில்லையாமா?"

"டேப்லெட்டுக்குப் பேரு வைக்கணுமாம்க்கா. நீங்க பாக்கறீங்கன்னு அவரு லிஸ்ட்ல தெரியணுமாம்."

"என்ன வச்சாலும் தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லி, பெயர் மாற்றும் இடத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து ஃபியூஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பட்டியலில் எல்லார் பெயரும் ஆங்கில எழுத்தில் ஒழுங்காக இருந்தன. கடைசியில் ஒரு வரி மட்டும் வெறும் கேள்விக்குறிகள்.

"நீ பேப்பர்ல வேல பாத்தவன். இது என்னா லா?"

நான் பதினெட்டு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவன். எழுத்துரு ஒத்துவராத இயந்திரத்தில் தமிழ் இப்படித்தான் வரும். ராத்தா டவுனைப் பற்றிய செய்தி ஒன்று முழுக்கக் கேள்விக்குறியாக வந்ததை நானே உட்கார்ந்து மறுபடி அடித்திருக்கிறேன். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெரிய மனுஷனாகப் பதில் சொல்வதில்தான் குறியாக இருந்தேன்.

"எவனோ பாஸ்வேர்ட திருடிட்டாண்ணே. பேர மறைச்சிக்கிட்டு வந்திருக்கான். தூக்கிருங்க."

"கமலாவா இருக்குமோ?"

"அவங்கன்னா பேரு வச்சிருப்பாங்களே."

அவர் அந்த டேப்லெட்டைத் தடுத்துவிட்டார். ஒருமுறை தடுத்தால், பெயர் மாற்றிக்கொண்டு வந்தாலும் ரவுட்டர் உள்ளே விடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாம் நம்பர் வாசலில் கமலாக்கா நல்ல சேலை கட்டி, பக்கத்தில் பையை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். டவுனுக்குப் போக லோரிக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானமும் அங்கேயே இருந்தார். அடுத்த வாரம், மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி ஈப்போ பஸ் ஏறினார்.

"லிஸ்ட்ல அவ பேரு வரவே இல்ல" என்றார் ஃபியூஸ் அண்ணன். "அம்புட்டுக் கோவம்."

மகள் ஃபோன் செய்தபோதெல்லாம் அவர் மகளோடு பேசினார். அவளும் அப்பாவை அங்கே கூப்பிட்டுப் பார்த்தாள். "அவ கூப்பிடட்டும்" என்றார். அங்கே கமலாக்காவும் அதையே சொன்னாராம்.

போன வருடம் கமலாக்கா ஈப்போவில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணனோடு நானும் போயிருந்தேன். அம்மாவின் டேப்லெட்டில் உள்ள படங்களைத் தன் ஃபோனுக்கு மாற்றித் தரும்படி மகள் கேட்டாள். இரண்டையும் இணைக்கப் போனேன். எந்தச் சாதனத்தோடு இணைக்க வேண்டும் என்று ஃபோன் கேட்டு, டேப்லெட்டின் பெயரைக் காட்டியது. ஃபோனில் தமிழ் தமிழாகவே வந்தது.

'ஞாயித்துக்கெழம காலையில வந்து கூப்பிடுங்க.'

மறைத்திருக்கலாம். கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். நான் சொன்னதால்தான் தடுத்தீர்கள் என்பதையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"எந்த ஞாயித்துக்கெழம?"

அக்கா நல்ல சேலை கட்டி, பையோடு வாசலில் உட்கார்ந்திருந்த நாளைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன் தம்பி."

என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். தோட்டத்துக்குத் திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ரவுட்டரைத் திறந்து, அந்தத் தடையை எடுத்தார்.

டேப்லெட் ஈப்போவில் இருக்கிறது. பேத்தி அதில் படம் வரைகிறாள்.