வேலுச்சாமி ஓட்டிய டிரையர்

டிரையர் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, சூடு மட்டும் வரவில்லை.

வேலுச்சாமி கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தான். அரை மணி நேரம் சுற்றிய யூனிஃபார்ம்கள் சொதசொதவென்று கிடந்தன.

"என்னப்பா, காயலையா?" லாண்டரி மேனேஜர் கௌஸ் முகைதீன் பின்னால் நின்றார்.

"காயுதுங்க பாய். கொஞ்சம் நிதானமாக் காயுது."

"நாலு மணி ஷிப்டுக்கு யூனிஃபார்ம் போகணும். போகலேன்னா உன் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்ருவேன். கலாஸ்."

அது துபாய்க்கு அந்தப் பக்கம், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் லாண்டரி. அங்கே வேலுச்சாமிதான் கேஸ் டிரையர் ஆபரேட்டர். காகிதத்தில் மட்டும். நிஜத்தில் அவன் நாமக்கல் லாரி டிரைவர். ஏஜென்ட் போனில் "டிரையர் வேலை தெரியுமா?" என்று கேட்டது, இவன் காதில் "டிரைவர் வேலை" என்று விழுந்து தொலைத்தது. "கண்ண மூடிட்டுச் செய்வனுங்க" என்று சொல்லிவிட்டான். இங்கே கொண்டுவந்து மெஷின் முன்னால் நிறுத்தியபோதுதான் விவரம் புரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நேராக ஊர்தான். ஊரில் லாரி முதலாளியின் மேஜை மேல் சாவியை வீசிவிட்டு, "இனி உன்ற ஸ்டியரிங்கைத் தொட்டா நான் வேலுச்சாமியில்லை" என்று சொல்லிவிட்டு வந்தவன். அந்த ஆள் முன்னால் போய்க் கைகட்டி நிற்பதா? அதற்கு இந்த டிரையருக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம்.

"இந்தத் தகர டப்பாகிட்டயா நான் தோக்கறது?" என்று கைலியை மடித்துக் கட்டினான்.

டீசல் இல்லாமல் எந்த வண்டி ஓடும்? முதலில் கேஸ் சிலிண்டரை மாற்றினான். சூடு வரவில்லை.

அடுத்தது ஏர் ஃபில்டர். டிரையரில் பஞ்சு பிடிக்கும் வலை ஒன்று இருந்தது. லாரி ஃபில்டரை ஊதுகிற மாதிரியே கம்ப்ரசர் காற்றை வைத்து ஒரே ஊதல். வலை பளிச்சென்று ஆனது. பஞ்சு முழுவதும் பறந்துபோய் ஈர யூனிஃபார்ம்களில் அப்பிக்கொண்டது. எல்லாவற்றையும் மறுபடி அலசினான்.

"போடா, வெயில் எதுக்கு இருக்குது" என்று வெளியே கயிறு கட்டி உலர்த்தினான். டைல்ஸ் கம்பெனி வாசலில் களிமண் தூசிக்கா பஞ்சம்? ஒரு காற்று அடித்தது. நீல யூனிஃபார்ம் எல்லாம் செம்மண் நிறமாயிற்று. மூன்றாவது தடவையாக அலசும்போது அவனுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

துணி ஏற்றிப்போக வேனோடு ஜெப்ரின் வந்தான். தூத்துக்குடிக்காரன். வேலுச்சாமி வந்த அதே விமானத்தில், அதே ஏஜென்ட் மூலம் வந்தவன். வளாகத்துக்குள்ளேயே ஓடுகிற வேன் என்பதால் அவனிடம் இன்னும் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. வேனின் பின் பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதென்னடா கோலம்?"

"காலைல ரிவர்ஸ் எடுத்தேன் அண்ணாச்சி. லேசா உரசிட்டு." ஜெப்ரின் டிரையரையே பார்த்தான். "அண்ணாச்சி, காத்து வெளிய போகுதான்னு பாத்தியளா?"

"நீ உன்ற வண்டியப் பாரு. எனக்குப் பாடம் எடுக்காத."

பிறகு வேலுச்சாமி, சாவி தொலைந்த லாரியை எடுப்பதுபோல, கண்ணில் பட்ட இரண்டு வயரைப் பிடுங்கி டைரக்டாகக் கொடுத்தான். அது கதவு ஸ்விட்ச் வயர். கதவு திறந்திருக்கும்போதே டிரம் சுற்ற ஆரம்பித்தது. முதலில் பறந்த ஈர பேன்ட், எட்டிப் பார்த்த கௌஸ் முகைதீனின் முகத்தில் போய் விழுந்தது.

அவர் பேன்ட்டை எடுத்து நிதானமாக மடித்து வைத்தார். "பெட்டியக் கட்டு."

"கட்ட மாட்டனுங்க பாய்." வேலுச்சாமி நிமிர்ந்து நின்றான். "நாலு மணி இன்னும் ஆகலைங்க. அதுக்குள்ள சூடு வரலைன்னா நானே ஏர்போர்ட்டுக்கு நடந்து போயிக்கறேன்."

வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, கோபம் தணியப் பின்சுவர் பக்கம் போனான். அங்கே டிரையரின் காற்று வெளியேறும் தகரக் குழாய் சப்பட்டையாக நசுங்கிக் கிடந்தது. அதில் வேனின் வெள்ளைப் பெயின்ட்.

சைலன்சர் அடைத்தால் வண்டி எங்கே இழுக்கும்?

"ஜெப்ரின், உன்ற வண்டி ஜாக்கி லிவரை எடு."

"அது எங்க இருக்கு அண்ணாச்சி?"

வேலுச்சாமி தலையில் அடித்துக்கொண்டு, தானே சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, குழாயை நெம்பி நிமிர்த்தினான். உள்ளே போய் பட்டனை அழுத்தினான். பர்னர் குப்பென்று பற்றியது.

நாலு மணிக்கு யூனிஃபார்ம்கள் வடித்த சோறு மாதிரி ஆவி பறக்க வேனில் ஏறின. "டிரையர் ஆபரேட்டர்னா இவன்தான்யா ஆபரேட்டர்," என்று கௌஸ் முகைதீன் தோளில் தட்டிவிட்டுப் போனார். வேலுச்சாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் தெம்பில் ஜெப்ரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ரிவர்ஸ்ல கண்ணாடி பாக்கத் தெரியல. ஜாக்கி லிவர் எங்க இருக்குன்னு தெரியல. உன்னையெல்லாம் எவன்டா டிரைவர்னு எடுத்தான்?"

ஜெப்ரின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வெளிய சொல்லிராதிய அண்ணாச்சி. நான் மெட்ராஸ் ஓட்டல் லாண்டரில எட்டு வருசம் டிரையர் ஓட்டுனவன்."