நோட்டுல கையெழுத்துப் போடுங்க சார்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மழைக்கு முன்னாடி ஒரு லோடு முட்டையை லாரியில ஏத்தி அனுப்பணும்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு நான் மேனேஜர். சேர்ந்து ரெண்டே வாரம். முட்டை பொறுக்கறவங்க தீவனம் தூக்குறதும், தீவனக்காரர் பல்பு மாத்துறதும் எனக்குக் கண்றாவியா இருந்துச்சு. ஒரு நோட்டு போட்டேன். அதுல என் கையெழுத்து இல்லாம யாரும் அடுத்தவங்க வேலையைத் தொடக்கூடாது!

நோட்டு போட்ட அன்னிக்கே லோடு ஏத்துற பாப்பாத்தியக்கா கேட்டாங்க. "உங்க மேசை ஆடுதுங்களே சார், காலுக்கு அடியில ஏதாச்சும் அண்டக் குடுக்கட்டுங்களா?"

"அது கார்பென்டர் வேலை!"ன்னேன். என்னா கெத்து!

இப்ப லோடு ஏறி முடிய, வானம் இருட்டிருச்சு. தார்ப்பாய் மூடுறது டிரைவர் வேலை. டிரைவர் சாப்பிடப் போயிட்டார். நனைஞ்ச முட்டையை எவனும் வாங்க மாட்டான்.

முதலாளி காலையிலயே மரியாதையா சொல்லியிருந்தார். "லோடு திரும்பி வந்துச்சுன்னா, நீங்களும் ஊருக்குத் திரும்பிக்கலாமுங்க."

"பாப்பாத்தியக்கா! தார்ப்பாயை இழுங்க!"

"அது டிரைவர் வேலைங்க சார்."

"நான்தானே சொல்றேன்!"

"நோட்டுல கையெழுத்துப் போடுங்க சார். வாயில சொன்னா செல்லாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

நோட்டு எடுக்க ஓடினேன். வாசல்ல கழுவி விட்ட தண்ணி. சர்ருனு வழுக்கி, அங்க மிச்சமிருந்த ஒரு அட்டை முட்டை மேல உக்காந்துட்டேன். முழுசா முப்பது முட்டை!

"யாராச்சும் தூக்கி விடுங்க!"

தீவனக்கார மாரியண்ணன் தலையைச் சொறிஞ்சார். "மேனேஜரைத் தூக்குறது யார் வேலைன்னு நோட்டுல இல்லீங்களே சார்."

முதல் தூறல் என் மூக்குல விழுந்துச்சு. அழுகையே வந்துருச்சு.

"நோட்டு கெடக்குது, விடுங்க! என் தப்புதான்! லோடைக் காப்பாத்துங்க!"

அவ்வளவுதான். பாப்பாத்தியக்கா லாரி மேல. மாரியண்ணன் கயிறோட கீழ. சமையக்கார அக்கா கரண்டியைக்கூட வைக்காம ஓடி வந்து தார்ப்பாய் நுனியைப் புடிச்சாங்க. யாருக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு முட்டைகூட நனையலை. அப்புறம் ரெண்டு பேர் வந்து என்னையும் தூக்கினாங்க.

மறுநாள் ஆபீஸ்ல என் மேசை ஆடலை. குனிஞ்சு பார்த்தேன். காலுக்கு அடியில நோட்டு!

"பாப்பாத்தியக்கா, யாரு இதை வெக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார். நானாத்தான் வெச்சேன்."