நீலப் பட்டுக்குள் இரத்தினம்

"கையை இறக்காதேங்கோ. அக்குளுக்குள்ள குத்தும்," என்றாள் கலாதேவி, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி.

இரத்தினம் இறக்கவில்லை. வரவேற்பறை நடுவே இரு கைகளையும் விரித்தபடி, பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் உடுத்திய மாதிரி ஒரு நீலப் பட்டுக் கவுனுக்குள் நின்றார். நாளைக்கு இந்த ஐரோப்பிய ஊரின் அரண்மனையில் விழா. அந்தக் காலத்து உடுப்பில்தான் வர வேண்டுமாம். மெஷின் தையல் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். மாலைத் தையல் வகுப்புக்குப் போய்க் கையாலேயே தைத்தாள் கலாதேவி. அளவு பார்க்கக் கடைப் பொம்மை சரிவரவில்லை. அவளுடைய இடுப்பும் இவருடைய தொந்தி வண்டியும் ஒரே சுற்றளவு. அவர் செய்த பாவம் அவ்வளவுதான்.

கவுனின் முன்பக்கத்துக்குப் பொத்தான் கிடையாது. உடம்போடு வைத்து ஊசி நூலால் தைத்து மூடியிருந்தாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

கதவுத் துளையால் பார்த்த கலாதேவி, "சங்கத்துக் கிறிஸ்தோப்பரும் சயந்தனும்," என்றாள்.

இரத்தினம் விரித்த கைகளை மடக்கிப் பட்டை மறைக்கப் பார்த்தார். தமிழ்ச் சங்கத்துக்குப் புதிய தலைவர் தேடுகிறார்கள். போன கூட்டத்தில், ஆம்பிளையள் வேட்டியோடுதான் சங்க விழாவுக்கு வர வேண்டும் என்று முழங்கிப் பேர் வாங்கியவர் இவர்.

"நூலை வெட்டு."

"கண் அவியத் தைச்சது. என்னை வெட்டினாலும் இதை வெட்ட விடன்."

வேறு வழியில்லை. சோபாவில் விழுந்து கழுத்துவரை போர்வையை இழுத்தார். கவுனின் இடுப்பை அகலமாக்க வைத்த பஞ்சுப் பொதிகள் இரண்டு பக்கமும் புடைக்க, போர்வைக்குள் மூன்று பேர் படுத்திருப்பதுபோல் இருந்தது.

தலைவர் விசயமாகக் கதைக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே கிறிஸ்தோப்பர் கதிரையில் அமர்ந்தார். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார், ரயில் பிந்துவதைப் பற்றிக் கதைத்தார், ஊன்ட்றொப் கோயில் தேருக்குப் போய்க் கார் விட இடம் தேடியதைக் கதைத்தார். தலைவர் என்ற சொல் மட்டும் திரும்ப வரவில்லை. சயந்தன் வாசல் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

காய்ச்சல் என்றார் இரத்தினம். அப்படியானால் தனியே விட்டுப் போக ஏலாதாம். தொற்றும் என்று இருமிக் காட்டினார். தங்களுக்குப் போன மாதமே வந்துவிட்டதாம், இனி வராதாம். கலாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, வீட்டைப் பூட்ட வேண்டும் என்று கடைசி அம்பையும் விட்டார்.

"அக்கா போகட்டும். நாங்கள் இருந்து பாக்கிறம்," என்றார் கிறிஸ்தோப்பர்.

புருசனின் பொய்யைக் காப்பாற்ற, லீவு நாளில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள் கலாதேவி. தையலைப் பிரிக்கத் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாள். கிறிஸ்தோப்பரோ குசினிக்குள் புகுந்து, உரிமையோடு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

பட்டு, பொதி, போர்வை, ஆனி மாதம். இரத்தினத்துக்கு வியர்வை ஆறாக ஓடியது. காய்ச்சல்காரருக்குக் காற்றுப் படவேண்டும் என்று கிறிஸ்தோப்பர் போர்வையின் நுனியைப் பிடித்தார். இவர் இழுத்தார், அவர் இழுத்தார். எங்கேயோ ஓர் ஊசி ஆழமாக இறங்கியது. ஐயோ என்று துள்ளி எழுந்தார் இரத்தினம்.

நீலப் பட்டு அறை முழுக்க விரிந்தது.

கிறிஸ்தோப்பர் கையில் போர்வை மட்டும் மிஞ்சியது. தலைவர் பதவி போனது போகட்டும். இனி எந்தக் கலியாண மண்டபத்துக்குள் கால் வைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டார் இரத்தினம்.

சயந்தன் கோப்பையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். இடுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"என்ர கவுனுக்கு இன்னும் கை பூட்டேல்லை அண்ணை, இவருக்குக் கரை மடிக்கக் கிடக்கு, எங்கட ரெண்டு மனுசிமாரும் அதே தையல் வகுப்புத்தான், ஊசியோட எங்களைத் தேடுகினம், தலைவர் கதையெல்லாம் சும்மா, பொழுதுபடுமட்டும் ஒளிச்சிருக்கத்தான் இங்க வந்தனாங்கள்."