லாப் அண்ணையின் நாக்குக்கு அடியில்

லாப் அண்ணையைப் போல எதையும் நம்பாத இன்னொரு மனிதர் நெடுந்தீவில் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி ஓய்வுபெற்றவர்; 'லாப்' என்ற பட்டம் அங்கே ஒட்டிக்கொண்டது. தன் கோழி இட்ட முட்டையைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் அவிப்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கசநோய் வந்தது. ஆறு மாதம் குளிசை, அதாவது மாத்திரை, விழுங்கவேண்டும். தனியாள் என்பதால், தினமும் காலையில் அவர் அதை விழுங்குவதைப் பார்த்து அட்டையில் அடையாளம் போடும் வேலை பக்கத்து வீட்டுக்காரியான என் தலையில் விழுந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் ஆடாதோடைக் கசாயம், இன்னொருவர் தூதுவளை, மூன்றாமவர் பெயர் சொல்ல மறுத்த ஏதோ ஒரு வேர். அண்ணை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் மாதம் இருமல் குறைந்தது. ஆனால் உடம்பு மெலிந்து, போட்ட சேட்டு அவர் தோளில் நிற்கவில்லை. ஒருநாள் சந்தேகம் தாங்காமல் வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்குக்கு அடியில் இரண்டு குளிசை, கன்னத்தில் ஒன்று.

"என்ன அண்ணை இது?"

"குளிசை, கசாயம் ரண்டையும் குடிச்சா எது சுகமாக்கினதெண்டு எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிக்கிறது? இப்ப ஆடாதோடையின்ரை முறை. இண்டைக்குப் பதினோராம் நாள். இருமல் குறைஞ்சிட்டுது, பாரும்."

"நிறை?"

"அது இறங்கிக்கொண்டு போகுது. அதையும் எழுதியிருக்கிறன்."

"நீங்கள் செத்துப்போனா முடிவை ஆர் எழுதிறது?"

"நீர் எழுதுவீர்தானே. கடைசிப் பக்கம் விட்டிருக்கிறன்."

கொப்பியைப் பறித்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அடுத்த படகில் ஏற்றினேன். கடல் சரியில்லை. யாரோ தலைச்சுற்றுக்கு இஞ்சித் துண்டு கொடுக்க, அதையும் எழுத அண்ணை என்னிடம் கொப்பியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

"கசாயம் இருமலை அடக்கலாம். கிருமியைக் கொல்லுமெண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்லை" என்றார் டொக்டர். இப்படி இடையில் விட்டால் குளிசைக்கும் கிருமி அடங்காமல் போகலாம் என்று சொல்லிச் சளியைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, நித்திரை கொள்ளவும் இல்லை. அண்ணை இரண்டையும் நன்றாகச் செய்தார்.

அதே குளிசை இன்னும் வேலை செய்யும் என்று முடிவு வந்தது. எனக்கு அழுகை வந்தது. அண்ணைக்கோ ஏமாற்றம்.

"ஆடாதோடைக்கு இன்னும் ரண்டு கிழமை குடுத்திருக்கலாம்" என்றார்.

"கோழிமுட்டை மாதிரிக் கனக்க இருக்கிற சாமானை வைச்சுச் சோதியுங்கோ அண்ணை" என்றேன். "எங்களிட்டை நீங்கள் ஒராள்தானே இருக்கிறியள்."