மூன்று ராத்திரிக் கப்பலில் மூத்த பயணி

இந்தத் தடவை மேடை ஏறாமல் விடுவதில்லை என்று வென்டல் ஹாஸ்கின்ஸ் சபதம் செய்தபோது அவர் வாயில் டூத்பிரஷ் இருந்தது. அதனால் சபதம் பாதி நுரையாகத்தான் வந்தது. ஆனாலும் சபதம் சபதம்தானே! கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டி உறுதி செய்துகொண்டார்.

மேடை என்றதும் அரசியல் மேடை என்று நினைத்துவிடாதீர்கள். உல்லாசக் கப்பல் மேடை. ப்ளோரிடாவில், டைட்டஸ்வில் ஊரில், துறைமுகத்துக்கு அரை மணி நேரத் தொலைவில் வீடு வைத்திருக்கிற ரிடையர்டு மனிதருக்கு வேறு எந்த மேடை கிடைக்கும்? அந்தத் தெருவே கப்பல் பைத்தியம். ஆளாளுக்கு எத்தனை ராத்திரி கப்பலில் தூங்கினார்கள் என்று கம்பெனி குறித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் பழைய பயணிகளுக்கென்று ஒரு விருந்து. வந்தவர்களிலேயே அதிக ராத்திரி தூங்கியவர் யாரோ அவர்தான் அந்தப் பயணத்தின் 'மூத்த பயணி'. மேடைக்குக் கூப்பிட்டு, மெடல் மாட்டி, மறுநாள் காப்டனோடு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, போட்டோவும் எடுத்துக் கொடுப்பார்கள். தூங்கினதற்கு மெடல்! வேறெங்கே உண்டு இந்த அநியாயம்?

அந்த மெடல் பக்கத்து வீட்டு ரஸ்ஸலிடம் இருந்தது. மனிதன் அதைக் கழற்றுவதே இல்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு வரும்போதுகூடக் கழுத்தில் தொங்கும்.

"என்ன வென்டல், உனக்கு எத்தனை ராத்திரி ஆச்சு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

"பரவாயில்லையே! இன்னும் ஒரு பத்து வருஷம் உயிரோட இருந்தா கிடைச்சுடும்."

வென்டலுக்கு வயிறு எரியும். பதினான்கு ராத்திரிப் பயணமெல்லாம் போய்ப் பார்த்தார். அங்கே வருகிற கிழவர்கள் எல்லாம் ஆயிரம், ரெண்டாயிரம் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டுக் கப்பலிலேயே குடியிருக்கிறார்கள் போல. அவர்கள் நடுவில் இருநூற்று முப்பத்தொன்றை வெளியே சொன்னால், குழந்தைகள் விளையாடும் இடம் ஐந்தாவது தளம் என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

அப்போதுதான் பல் தேய்க்கையில் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. பழந்தின்று கொட்டை போட்ட கிழவர்கள் எந்தக் கப்பலில் ஏறவே மாட்டார்கள்? மார்ச் மாதம், கல்லூரிகளுக்கெல்லாம் லீவு விட்ட வாரத்தில், பஹாமாஸ் போய்த் திரும்பும் மூன்று ராத்திரிக் கப்பலில்! முழுக்க முழுக்கப் பொடிப்பசங்கள். நீச்சல்குளத்தில் தண்ணீரைவிடப் பீர் அதிகமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருநூற்று முப்பத்தொன்று என்றால் அது எவரெஸ்ட் இல்லையா? அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார்.

மனைவி லொரேனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

"லொரேன் கண்ணு, பெட்டியைக் கட்டு. கல்யாண நாள் கொண்டாடப் போறோம்."

"நம்ம கல்யாண நாள் அக்டோபர்ல இல்ல வருது?"

"அட்வான்ஸா கொண்டாடறோம்."

"ஏழு மாசம் அட்வான்ஸா?"

"ஆசை வந்துடுச்சு. அதுக்கெல்லாம் காலண்டர் பார்க்க முடியுமா?"

லொரேன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். இந்த மனுஷனுக்கு ஆசை எப்போது வரும், எப்போது வராது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒன்றும் கேட்காமல் பெட்டியை எடுத்தாள். அந்த 'ஒன்றும் கேட்காமல்' என்பதைக் கவனித்திருந்தால் வென்டல் அன்றே தப்பித்திருக்கலாம். அவர் கவனிக்கவில்லை.

கப்பல் அவர் நினைத்ததைவிட நன்றாக இருந்தது, அதாவது மகா மோசமாக இருந்தது. ஏறின இடத்திலிருந்து டமடமவென்று பாட்டு. லிஃப்டில் ஈரக் கால்கள். எதிர் அறைப் பையன்கள் ஆறு பேர் ஒரு அறையில் இருந்தார்கள். உயிர்காப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால், பாதிப் பேர் கையில் கோப்பையோடு வந்து நின்றார்கள். வென்டல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுருக்கம் இருக்கிறதா? இல்லை. நரை? இல்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்ன இது, இவ்வளவு சத்தம்! உனக்குச் சத்தமே ஆகாதே, எதுக்கு இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கற?" என்றாள் லொரேன்.

"இளமை, லொரேன், இளமை! இவங்களைப் பார்த்தா எனக்கே இருபது வயசு குறையுது."

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் பேசற பேச்சைப் பாரு!"

ஆனால் மாலையில் நெஞ்சில் இடி விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கிழவர்! தொப்பி முழுக்கக் கப்பல் படம் போட்ட பேட்ஜுகள். ஒவ்வொரு பேட்ஜும் ஒரு பயணம். வென்டலுக்கு இறால் தொண்டையில் நின்றது. பேட்ஜுகளை எண்ண முயன்றார். முப்பதுக்கு மேல் போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, நிறையப் பயணம் போல?"

"எனக்கு இதுதான் முதல் தடவை தம்பி. தொப்பி என் மச்சானோடது. வெயிலுக்குப் போட்டுக்கோன்னு கொடுத்தான்."

வென்டல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டிப்பிடிக்காத குறைதான். அவருக்கு ஒரு துண்டு எலுமிச்சை கேக் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாம் நாள் கப்பல் நசாவில் நின்றது. சிறுசுகளெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கின. லொரேனும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வென்டல் இறங்கவில்லை. பதினேழு தடவை பார்த்த ஊர். பழைய பயணி என்றால் நசாவில் இறங்கக் கூடாது, மேலே நின்று இறங்குகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும். அதுதான் மரியாதை. அவளை அனுப்பிவிட்டு நேராகப் பழைய பயணிகளைக் கவனிக்கிற மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண்ணின் பெயர் இமெல்டா என்று சட்டையில் எழுதியிருந்தது.

"இமெல்டாம்மா, இன்னிக்கு விருந்துல மூத்த பயணி யாருன்னு..."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாது சார்."

"வேண்டாம், சொல்ல வேண்டாம். நான் எட்டாவது தளம், அறை எட்டு ரெண்டு பதினாலு. சும்மா உன் கம்ப்யூட்டரைப் பாரு. பார்த்துட்டுச் சிரி. அது போதும்."

இமெல்டா தட்டிப் பார்த்தாள். பார்த்ததும் நிஜமாகவே முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, உங்க அறைதானா! ராத்திரி நல்ல உடையா போட்டுக்கிட்டு வாங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான்! எட்டுத் தளத்தையும் லிஃப்ட் இல்லாமலே ஏறிவிட்டார் வென்டல். முழங்கால் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

லொரேன் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அறை நடுவில் அவர் வெள்ளைக் கோட்டில் நின்று, அறையைச் சுத்தம் செய்கிற பையன் துண்டை மடித்துச் செய்து வைத்திருந்த யானையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இந்தப் பிரசங்கம்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சபதம், மார்ச் மாத யோசனை, ரஸ்ஸலின் குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"அப்போ கல்யாண நாள் இல்ல."

"அதுவும்தான். ரெண்டும்தான்."

"சரி, எனக்கு ஒரு சந்தேகம். நீ போன பயணத்துக்கெல்லாம் நானும்தானே வந்தேன்? எனக்கும் அதே இருநூத்தி முப்பத்தொண்ணு இருக்கணுமே?"

"இருக்கும். ஆனா ஒரே குடும்பமா இருந்தா, குடும்பத் தலைவர் பேரைத்தான் கூப்பிடுவாங்க."

"யாரு அது?"

"நான்தான், லொரேன்!"

"ஓஹோ" என்றாள் லொரேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "வென்டல், மேடைக்குப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"அப்புறம், அப்புறம்! இப்ப என் பேச்சைக் கேளு. நான் முடிக்கற இடத்துல நீ கைதட்ட ஆரம்பிக்கணும். நீ ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க தட்டுவாங்க. எங்க, ஒரு தடவை தட்டிக் காட்டு."

லொரேன் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

லொரேன் சத்தமாகத் தட்டினாள். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, நீல நிறப் பட்டுக் கவுன் ஒன்றை எடுத்து உதறினாள்.

"எதுக்கு அவ்வளவு பெரிய கவுன்? நீ உட்கார்ந்து கைதட்டத்தானே போற?"

"கைதட்டறவளும் பார்க்க நல்லா இருக்க வேண்டாமா?"

அதுவும் சரிதான் என்று வென்டலுக்குப் பட்டது.

விருந்தில் மொத்தமே முப்பது பேர். காப்டன் ஸ்டாவ்ரோஸ், கிரேக்கர், ஆறடி உயரம், மேடையில் தங்கப் பட்டையோடு நின்றார். வென்டல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மெடலுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று டையைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்.

"மூணாவது இடம், எண்பத்தெட்டு ராத்திரி!" என்று யாரோ ஒரு டீச்சரம்மாவைக் கூப்பிட்டார்கள். வென்டல் பெருந்தன்மையோடு கைதட்டினார். பாவம், எண்பத்தெட்டு!

"ரெண்டாவது இடம், இருநூத்தி முப்பத்தொண்ணு ராத்திரி!"

"அட, என்கூடச் சரிசமமா ஒருத்தன் இருக்கானே!" என்று வென்டல் கழுத்தைத் திருப்பி யார் எழுந்திருக்கிறார்கள் என்று தேடினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"திரு. வென்டல் ஹாஸ்கின்ஸ்!"

எழுந்தார். எழுந்தவருக்கு நடக்க வரவில்லை. லொரேன்தான் முதுகில் மெல்லத் தள்ளிவிட்டு, ஒத்திகை பார்த்த அதே சத்தத்தோடு கைதட்டினாள். சொன்னபடியே எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். மேடையில் அவர் கையில் ஒரு கீ செயினைக் கொடுத்தார்கள். அவர் இன்னும் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். யார்? எந்தப் பாவி?

"இந்தப் பயணத்தின் மூத்த பயணி, முந்நூத்தி ஒரு ராத்திரி, திருமதி லொரேன் ஹாஸ்கின்ஸ்!"

நீலக் கவுன் எழுந்தது. கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே வந்தது. இப்படி அழகாக அவள் மேடை ஏறுவாள் என்று வென்டல் கனவிலும் நினைத்ததில்லை. காப்டன் குனிந்து மெடலை மாட்டினார். லொரேன் பேசினாள். வென்டல் யானைக்குச் சொல்லிக்கொடுத்த பிரசங்கத்தை ஒரு வார்த்தை விடாமல் பேசினாள். முடிக்கிற இடத்தில் அவரைப் பார்த்தாள். வேறு வழி? வென்டல்தான் கைதட்ட ஆரம்பித்தார்.

கீழே இறங்கினதும் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"முந்நூத்தி ஒண்ணு எப்படி? நாம ஒண்ணாத்தானே போனோம்?"

"ஒண்ணாப் போனது ரெண்டு பேருக்கும் சமம். நீ அஞ்சு வருஷமா நவம்பர்ல உன் தம்பிகூட ஜார்ஜியாவுக்கு மான் வேட்டைக்குப் போற இல்ல? பத்து நாள்?"

"போறேன்."

"எத்தனை மான் அடிச்சிருக்க?"

"பேச்சை மாத்தாதே!"

"நீ கிளம்பினதும் நானும் கிளம்பிடுவேன். ஏழு ராத்திரி. தனியா. துறைமுகம் அரை மணி நேரம்தானே?"

"அஞ்சு வருஷம், ஏழேழு முப்பத்தஞ்சு. அப்பவும் இருநூத்தி அறுபத்தாறுதானே வருது!"

"ஒரு அறையில ஒத்தை ஆளா போனா ஒரு ராத்திரிக்கு ரெண்டு ராத்திரி எழுதுவாங்க, வென்டல். இவ்வளவு கணக்குப் போட்ட உனக்கு இது தெரியாதா?"

வென்டலுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அந்த விதி தன் வீட்டுக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறது என்றுதான் தெரியாது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சாயங்காலம் சொல்ல வந்தேனே. கைதட்டச் சொன்ன."

வென்டல் கோபப்படப் பார்த்தார். வரவில்லை. கழுத்தில் மெடலும் கன்னத்தில் சிவப்புமாக அவள் நின்ற நிற்பு அப்படி. முதலில் ஒரு பக்க மீசை துடித்தது, அப்புறம் வயிறு குலுங்கியது. கடைசியில் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வழியாகப் போன பையன்கள், "தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஏறிடுச்சு டோய்!" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காப்டனோடு சாப்பாடு. மூத்த பயணி தன்னோடு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி. லொரேன் காலை முழுக்க "யாரைக் கூட்டிட்டுப் போகலாம்?" என்று யோசித்து, தொப்பிக் கிழவர் பேரைக்கூடச் சொல்லிப் பார்த்தாள். வென்டல் அவளுக்குக் காப்பி கொண்டுவந்தார். செருப்புக்கு வார் மாட்டிவிட்டார். கடைசியில் அவள் மனம் இரங்கியது.

போட்டோ எடுத்தார்கள். நடுவில் லொரேன், வலப்பக்கம் காப்டன். இடப்பக்கம் லொரேனின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வென்டல். ஆனால் பாருங்கள், மனிதருக்கு அப்போது பெருமைதான் பொங்கியது. ரஸ்ஸல் முந்நூற்றொன்றைக் கேட்டால் மெடலைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட மாட்டானா? என் பெண்டாட்டி! தனியாகக் கடலில் போய் வந்தவள்! பாவம், ஐந்து வருஷம் தனியாகச் சாப்பிட்டு, தனியாக அலையைப் பார்த்து... கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"காப்டன், நீங்களே சாட்சி. இனி நவம்பர்ல வேட்டை கிடையாது. என் லொரேனைத் தனியா விடவே மாட்டேன். எங்க போனாலும் நான் கூடவே போவேன்."

காப்டன் கண் கலங்கிவிட்டார். பரிமாறின பெண்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

லொரேன் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் கையை அன்போடு தட்டிக்கொடுத்தாள்.

"வேண்டாம் வென்டல். நீ வந்தா ராத்திரிக்கு ஒண்ணுதான் ஏறும்."