கதவில்லாத கண்ணாடி வீடு

ரங்கூன் மாநகரத்திலேயே கதவு வைக்காமல் ஒரு வீடு கட்டி, அதுதான் சரியென்று கடைசிவரை சாதித்தவர் எங்கள் ஜன்னல்காரர் ஒருவர்தான். எங்கள் பேட்டையான பபேடான் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் விழிப்பார்கள். ஆறாம் மாடியில் இருந்த அவருக்கு நேர் கீழே எட்டு வருஷம் குடியிருந்த எனக்கே தெரியாது.

தொழில், பழைய ஜன்னல். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் எங்கே இடிபட்டாலும் போய் ஜன்னல்களை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து, க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்பார். கதவைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். "கதவுங்கிறது அடுத்தவனை வெளிய நிறுத்துறதுக்குத் தம்பி. அந்தப் பொழப்பு நமக்கு வேணாம்" என்பார். ஆனால் பிடிக்காத முகத்தோடு வருகிறவனைத் தெருவிலேயே நிறுத்திவிடுவார். "இந்த மூஞ்சிக்குப் பச்சைக் கண்ணாடி கேக்குதா?" என்று ஒரு பெரிய ஒப்பந்தக்காரரைத் துரத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இவருடைய மனைவி பாக்கியம் அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். கஞ்சி கொடுத்தாலும் போன வேகத்தில் வெளியே வந்தது. குமட்டலை நிறுத்தும் வெளிநாட்டு மாத்திரை அந்தச் சமயம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அக்கா நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார்.

கோழிக்குழம்பில் கஞ்சா இலை கிள்ளிப் போட்டால் செத்த பசியும் எழுந்து உட்காரும் என்று பர்மாவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு, கப்பலில் வேலை பார்க்கும் மச்சினனிடம் சொல்லி ஐந்து விதைகளை வரவழைத்துவிட்டார் ஜன்னல்காரர். சாதாரண விதையில்லை, தானாகப் பூக்கும் ரகம்.

"பொழுது நீளமா குட்டையான்னெல்லாம் இது பாக்காது தம்பி. வயசு வந்தா தானா பூத்துரும். சூரியங்கிட்டகூட உத்தரவு கேக்காது!" என்றார். செடியின் குணம் அவருக்கு அப்படியே பொருந்தியது.

"அண்ணே, மாட்டினா வருஷக்கணக்கா உள்ள போட்டுருவாங்க. அப்புறம் அக்காவை யார் பாத்துப்பா?" என்றேன்.

"அவ சாப்பிடாம போய்ச் சேந்துட்டா, நான் வெளிய இருந்து யாரைப் பாத்துக்கிறது?"



விதையோடு ஒரு தாளும் வந்திருந்தது. குளிர்காலமாக இருந்தால் கண்ணாடி வீட்டுக்குள் வளர்க்கவும் என்று அதில் போட்டிருந்தது. எழுதியவன் பனி கொட்டும் தேசத்துக்காரன். நம் ரங்கூன் குளிர்காலமோ, ஜனங்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே வியர்த்துக் கொட்டும் குளிர்காலம். சொல்லிப் பார்த்தேன். "தாள்ல இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

விற்காத ஜன்னல்கள் இருபத்தேழும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கின. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மொட்டைமாடிக்கு ஏற்றினார். சிவப்புக் கண்ணாடி, நீலக் கண்ணாடி, மாதா கோயில் வளைவு ஜன்னல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத உருப்படிகளை ஆணியடித்து நான்கு நாளில் வீட்டை நிறுத்திவிட்டார்.

"எல்லாம் சரி அண்ணே, கதவு எங்க?"

வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு நிமிர்ந்து, "இத்தனை ஜன்னல் இருக்கு, கதவு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே குதித்தார். அன்றிலிருந்து தண்ணீர் வாளியும் அவரும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

மத்தியான வெயிலில் உள்ளே முட்டை வைத்தால் வெந்துவிடும். செடிகள் துவண்டன. இரண்டு ஜன்னலைத் திறந்தார். போதவில்லை. பத்தைத் திறந்தார். கடைசியில் இருபத்தேழையும் திறந்து வைத்தார்.

"இப்ப இது வெறும் மொட்டைமாடிதானே அண்ணே?"

"மொட்டைமாடிக்கு ஜன்னல் இருக்குமா? பேசாம போ!"

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. திறந்து கிடந்த கண்ணாடிகளில் பட்ட வெயில் எதிர்ச்சாரி டீக்கடை வாடிக்கையாளர்களின் கண்ணில் அடிக்க, கடைக்காரர் எங்கள் வார்டு லூஜியிடம் முறையிட்டுவிட்டார். லூஜி என்றால் பேட்டைக்குப் பெரிய மனிதர். போலீசுக்குத் தகவல் போவதே அவர் வழியாகத்தான். பர்மாக்காரர். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழில் திட்டவும் தெரியும். நல்ல கனத்த சரீரம். ஆறு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார். செடிகள் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன.

"என்ன செடி இது?"

கட்டடம் முழுக்க முன்பே பேசி வைத்திருந்தோம். புளிச்சக்கீரைக்கும் கஞ்சாவுக்கும் இலை பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "சின்பாங் லூஜி. வெறும் புளிச்சக்கீரை" என்றேன்.

லூஜியின் முகம் மலர்ந்தது. "சின்பாங்கா! இறால் போட்டு வதக்கினா எனக்கு உயிராச்சே. ஒரு கட்டுப் பறிச்சுக் குடு."

ஜன்னல்காரர் அசையவில்லை.

"ஒரு இலை தரமாட்டேன்."

"கீரைதானேய்யா கேட்டேன், உன் சொத்தையா கேட்டேன்?"

"கீரைக்கு மார்க்கெட்டுக்குப் போங்க. இது என் பொண்டாட்டிக்கு."

லூஜிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நானே பறிச்சுக்கறேன். கதவு எங்க?" என்று கேட்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். பிறகு கோபத்தோடு வளைவு ஜன்னலுக்குள் தலையை விட்டார். நெஞ்சுவரை போனது. வயிறு போகவில்லை. திரும்பி வரவும் இல்லை. அவர் மூக்கு சரியாகப் பூங்கொத்தின்மேல் போய் நின்றது.

ஒருமுறை மூச்சை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

"இது சின்பாங் இல்ல."

"அது வந்து லூஜி, புது ரகம்..." என்று நான் இழுத்தேன்.

"நீ சும்மா இரு தம்பி," என்றார் ஜன்னல்காரர். "கஞ்சாதான். நான்தான் போட்டேன். இந்தக் கட்டடத்துல வேற ஒருத்தருக்கும் சம்பந்தமில்ல. பாக்கியம் மூணு மாசமா சோறு சாப்பிடல. எழுதிக்குங்க."

"முதல்ல என்னை வெளிய எடுய்யா!"

"எடுக்கறேன். செடிமேல கை வைக்கக் கூடாது."

"என்னை மிரட்டுறியா?"

"ஆமா."

ஜன்னல்காரர் எந்தப் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஜன்னல் பெயர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாலே நிமிஷத்தில் ஆணிகளைப் பிடுங்கி, சட்டத்தோடு சேர்த்து லூஜியைத் தரையில் உட்கார வைத்தார். இடுப்பில் ஜன்னலோடு உட்கார்ந்தபடியே லூஜி அதிகாரம் செய்தார்.

"நாளைக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுரு."

"மாட்டேன். இன்னும் பத்து நாள் ஆகும்."

"கேஸ் எழுதுவேன்."

"பத்து நாள் கழிச்சு எழுதுங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

சட்டத்தை அறுத்து எடுத்ததும் லூஜி இறங்கிப் போனார். என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ஜன்னல்காரர் இரண்டு கைலி, ஒரு போர்வை, பல்பொடி எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, வழக்கம்போல் வாளியோடு ஜன்னல் ஏறிக் குதித்தார். படியில் பூட்ஸ் சத்தம் மாதிரி எது கேட்டாலும் ஆறு மாடியும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பத்து நாளும் யாரும் வரவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் படிக்கட்டெல்லாம் கோழிக்குழம்பு வாசம். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று மேலேயிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஜன்னல்காரரின் குரல் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்கடா! பாக்கியம் மறுசோறு கேட்டுட்டா!"

போலீஸ் காதில் விழுந்து தொலைக்கப் போகிறதே என்று பதறி, அவர் வாயை மூடுவதற்காக மேலே ஓடினேன். ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கரண்டியுமாகப் மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணீர் தாடையில் வழிவதைத் துடைக்கக் கை இல்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் நின்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.