ரோஸைக் கேட்டாச்சா?

இந்தப் பூமியில் யாரையும் கேட்காமல் ஒரு தும்மல்கூடப் போடாத ஒரே ஆள் எங்கள் பில்டிங் சேர்லேடிதான்.

ஷார்ஜா ரோலாவில் ஆறு மாடிக் கட்டடம். கீழே கடைகள். ஒன்று நான் வேலை பார்க்கும் மொபைல் ரிப்பேர் கடை. பக்கத்தில் மலையாளி சேட்டனின் கேஃப்டீரியா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டிதான் சேர்லேடி. கென்யாக்காரர். கிசுமு என்று ஏரிக்கரை ஊர். அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் வளைகுடாக் கிளைக்கு இவர் தலைவி. பெண் தலைவரை அவர்கள் ஊரில் சேர்லேடி என்பார்களாம். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

நல்ல உயரம். எங்கள் கடைக் கதவில் குனிந்துதான் வருவார். குரல் அதைவிட உயரம். பேச்சு பாதி இந்தி, கால் அரபி, மிச்சம் எங்களிடம் பொறுக்கிய தமிழ். இங்கே தமிழில் எழுதுகிறேன். கையாட்டலை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் நாட்டில் ஒரு வழக்கம். அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தால் முதலில் ஜனங்களைக் கேட்க வேண்டும். கூட்டம் போடுவார்கள். மீன் விற்கிற பெண்ணும் எழுந்து பேசலாம். நல்ல வழக்கம். சேர்லேடி அதை நாட்டோடு விட்டுவிட்டு வரவில்லை. விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் முதலாளி ஹாஜா காக்கா. மூத்தவரை எங்கள் முத்துப்பேட்டைப் பக்கம் காக்கா என்போம். ஒருநாள் அவர் கடைக் கவுண்டரை வாசலுக்குத் தள்ளிப் போட்டார். தூசி அடங்கவில்லை. சேர்லேடி வந்து நின்றார்.

"காக்கா, இது யாரைக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்? என் கடை, என் கவுண்டரு."

"கவுண்டர் உன்னோடது. நிக்கிற காலு யாரோடது?"

அன்று கடைக்கு வந்த எல்லாரையும் நிறுத்திக் கருத்துக் கேட்டார். ஒரு பாகிஸ்தான் பட்டாணி டாக்சி டிரைவர், திரை உடைந்த போனோடு வந்த பிலிப்பைன்ஸ் பெண், வழி கேட்க வந்த ஒருவர். வழி கேட்க வந்தவர்தான் அதிகம் பேசினார். வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சாயங்காலம் கவுண்டர் பழைய இடத்துக்கே போனது. தூக்கியவன் நான். இரண்டு தடவையும்.

அடுத்து சேட்டன் மாட்டினார். டீயைக் கண்ணாடி கிளாசிலிருந்து பேப்பர் கப்புக்கு மாற்றினார். கழுவுகிற வேலை மிச்சம். சேர்லேடி மாடி மாடியாக ஏறி இறங்கினார். தையல்காரர், டைப்பிங் சென்டர், சலூன், ஒருவரையும் விடவில்லை. கடைசியில் சேட்டன் கை கூப்பிவிட்டார்.

"சேச்சி, கிளாஸ் தன்னே. போதுமோ? நீங்களும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம். நான் டீயே குடிக்கிறதில்ல."

"பின்னே எந்தினா இத்தனை பாடு?"

"குடிக்கிறவங்கள கேக்கணும்ல?"

சேட்டன் அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் படுத்தார்.

ஒரு தடவை ஃபயர் அலாரம் அடித்தது. நான்காவது மாடியில் யாரோ மீனைத் தீய விட்டிருந்தார்கள். சேர்லேடி ஓடி ஓடி எல்லாரையும் கீழே இறக்கினார். கிழவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டே வந்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டடம் முழுக்க ஓரிடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. குப்பையை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று அங்கேயே கருத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். தீயணைப்பு வீரர் கீழே வந்து, "கலாஸ், எல்லாம் சரி, மேலே போகலாம்" என்றார்.

"இரு, இரு. குப்பை காலையிலயா, மத்தியானமா? உன் கருத்து என்ன?"

அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு யோசித்தார். காலையில் என்றார். சேர்லேடி அவர் கருத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நானும் தப்பவில்லை. ஊருக்குப் போகிற ஒருவரிடம் என் மனைவிக்கு ஒரு புது போன் கொடுத்துவிட இருந்தேன்.

"பாய், அவகிட்ட கேட்டியா?"

"ம்."

"ம்ன்னா கேட்டேனா, கேக்கலையா?"

கேட்டேன். எனக்குப் போன் எதுக்கு, மிக்சிதான் போயிடுச்சு என்றாள் அவள். ஊருக்கு மிக்சி போனது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சேர்லேடி கடைக்கு வந்தார். வழக்கமாகக் குனிந்து வந்ததும் நிமிர்வார். அன்று நிமிரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை என் மேஜையில் வைத்தார்.

"ரிப்பேரா?" என்றேன்.

"போன் நல்லாருக்கு பாய். நம்பர்தான் போகப் போவுது."

விஷயம் இதுதான். அவர் நாட்டில் டெக்னாலஜிக்கு ஒரு புதுக் கொள்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். அரசாங்க வேலை எல்லாம் இனி போனில். அதனால் போன் நம்பர் ஒவ்வொன்றையும் உரியவர் நேரில் வந்து, முகம் காட்டி, மறுபடி பதிய வேண்டும். பதியாத நம்பர் செத்துவிடும். இன்னும் முடிவாகவில்லை. வரைவுதான். கருத்துக் கேட்கிறார்கள்.

"மூஞ்சி ஷார்ஜாவுல. ஆபீஸ் கிசுமுல. நான் எதை அனுப்ப?" என்றார் சேர்லேடி.

அவர் மகள் படிக்கிற ஹாஸ்டலில் அந்த நம்பர்தான் கொடுத்திருந்தார். ஏரிக்கரையில் வாங்கிய துண்டு நிலத்துக்கும் அதே நம்பர். வளைகுடாவில் வேலை செய்கிற அவர் சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் இதே கதை. கான்ட்ராக்ட் முடியாமல் யாரும் ஊருக்குப் போக முடியாது.

கருத்துக் கேட்கும் கூட்டத்தில், வளைகுடாப் பெண்கள் சார்பில் வீடியோவில் ஐந்து நிமிடம் பேச அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்திருந்தது சங்கம். பேச ஒரு நல்ல வெளிச்சமான இடம் வேண்டும். என் ரிப்பேர் மேஜை விளக்கைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். காக்கா முந்திக்கொண்டார்.

"என்னக் கேக்கறியா? சரின்னுட்டேன். மத்தவங்கள கேக்காத."

பிறகு எங்கள் கடையில் வேறு சத்தமே கிடையாது. வாய்ஸ் மெசேஜ்தான். குவைத் அப்பாசியாவிலிருந்து ஒரு பெண் பேசுவார், பின்னால் குழந்தை அழும். ரியாத் பத்தாவிலிருந்து ஒருவர், பின்னால் பஸ் ஹாரன். தோஹாவிலிருந்து ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார். ஒரு மெசேஜ் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. அதையும் சேர்லேடி கடைசி வரை கேட்டார்.

மெசேஜை எல்லாம் சேர்லேடியே எங்களுக்கு விளக்கினார். எம்பசியில் பதியலாம் என்றார் ஒருவர். எம்பசி எங்கே, என் வேலை எங்கே என்றார் இன்னொருவர். ஊரில் இருக்கிற அண்ணன் தம்பி போய்ப் பதியட்டும் என்றார் ஒருவர். அதற்கு எல்லா நாட்டிலிருந்தும் சேர்ந்து ஒரு சிரிப்பு வந்தது. அண்ணன் பதிந்தால் நம்பர் அண்ணனுடையதாகிவிடுமாம்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இருக்கிற இடத்திலிருந்தே வீடியோவில் முகம் காட்டிப் பதிய வேண்டும். லீவு நாளில், அதாவது ஞாயிற்றுக்கிழமை, அதற்கென்று ஆபீஸ் திறந்திருக்க வேண்டும். இதுதான் கோரிக்கை.

எல்லாரும் சரி என்றார்கள். ஒருவரைத் தவிர. சவூதி அல் கோபாரில் ஒரு வீட்டில் வேலை செய்யும் ரோஸ். அந்த வீட்டில் போனை வெள்ளிக்கிழமைதான் கையில் கொடுப்பார்கள். கூட்டமோ புதன்கிழமை. சேர்லேடி அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது.

புதன் மத்தியானம் காக்கா பாட்டை நிறுத்தினார். சேட்டன் தலை வாரிக்கொண்டு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் மேஜையைத் துடைத்து, விளக்கைத் திருப்பி, போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். சேர்லேடி தொப்பியைச் சரி செய்தார். அவர் முறை வந்தது.

"மேடம், ஐந்து நிமிடம்" என்றார் கூட்டத் தலைவர்.

"ஐயா, எங்க பெண்கள் எல்லாரையும் கேட்டேன். ஒருத்தியைக் கேக்க முடியல. அவ போன் அலமாரியில பூட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை வரை எனக்கு டைம் குடுங்க."

"மேடம், உங்கள் நேரம் இப்போதுதான்."

"அப்ப நான் இன்னும் கேட்டு முடிக்கலன்னு எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் சிலர் சிரித்தார்கள். அடுத்த வாரம் வரை எழுத்தில் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

காக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப் புத்தி கெட்டவளே! கெடச்ச வாய்ப்ப யாராச்சும் இப்படித் தூக்கிப் போடுவாளா? ஒரு ஆளு சொல்லலன்னா என்ன கெட்டுப்போச்சு?"

"காக்கா, எங்கள கேக்கலன்னுதான் நான் அவங்ககிட்டப் போறேன். நானே ரோஸைக் கேக்காம விட்டா, அப்புறம் நான் யாரு?"

"நீ யாருன்னா, நம்பர் போனவ!"

சேர்லேடி தொப்பியைக் கழற்றினார். முகம் வாடியிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"பாய், உன் கருத்து?"

"வெள்ளி வரட்டும்" என்றேன்.

வந்தது. ஜும்மா தொழுகை முடிந்து வந்தால் கடைக்குள் நிற்க இடமில்லை. தையல்காரர், சலூன்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். ரோஸைக் கேட்டாச்சா, ரோஸைக் கேட்டாச்சா என்று ஒரே பேச்சு. ரோஸ் என்பவர் யாரென்று தெரியாதவர்களும் கேட்டார்கள்.

ரோஸின் முதல் மெசேஜ் வந்தது. எல்லாரும் நலமா என்றார். இரண்டாவதில் தன் முழங்கால் வலியைச் சொன்னார். காக்கா பல்லைக் கடித்தார். மூன்றாவது வந்தது. சேர்லேடி கேட்டு, எங்களுக்குச் சொன்னார்.

"ரோஸ் சொல்றா, எல்லாம் நல்லாருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஏது போனு?"

காக்கா கடித்த பல்லை விட்டார்.

ரோஸ் கையில் போன் இருப்பது வெள்ளிக்கிழமைதான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தோம். ஆனாலும் ஞாயிறு என்று கேட்கக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷார்ஜாவில் ஞாயிறு லீவு, அவர்கள் ஊரிலும் ஞாயிறு லீவு. அப்படியே எழுதிவிட்டார்கள். குவைத்தில், ரியாத்தில், தோஹாவில் வெள்ளிதான் லீவு. ரோஸ் மாதிரி வீட்டு வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் சரி, சரி என்றிருக்கிறார்கள். சேர்லேடி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

"யா அல்லாஹ், எழுது, எழுது. வெள்ளியும் சேத்து எழுது!" என்று காக்கா கத்தினார்.

"இருங்க. இத மத்தவங்ககிட்டக் கேக்கணும்."

காக்கா உட்கார்ந்துவிட்டார்.

கேட்டு முடித்து, கெடு முடிவதற்குள் அனுப்பினார். அனுப்பும் பொத்தானை அழுத்த எங்கள் எல்லாரிடமும் சம்மதம் வாங்கினார். சலூன்காரரிடம்கூட.

பல மாதம் கழித்துக் கொள்கை வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் பதியலாம். அதற்கு வெள்ளியும் ஞாயிறும் தனி நேரம். இவர் எழுதியதால் வந்ததா, வேறு யாரும் எழுதினார்களா, எனக்குத் தெரியாது. நாங்கள் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். சேட்டன் கட்டடம் முழுக்க டீ கொடுத்தார். கண்ணாடி கிளாசில். சேர்லேடியும் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

என் மேஜை விளக்கிலேயே அவர் முகத்தைக் காட்டிப் பதிந்தார். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்றது போன். திரும்பினார். நம்பர் பிழைத்தது.

அடுத்த வருடம் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனார். வாசலில் இப்போது ஒரு நேபாளி இருக்கிறார். நல்ல மனிதர். ஒன்றும் கேட்க மாட்டார். கடை அமைதியாக இருக்கிறது. சேட்டன் பேப்பர் கப்பை மறுபடி கொண்டுவரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் கடையில் நல்ல கூட்டம். போன் அடித்தது. கிசுமு நம்பர். ஏரியில் மீன் குறைச்சல், மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள், பக்கத்து வீட்டு ஆடு வேலியைத் தின்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள் நிற்கிறார்கள் என்று காக்கா ஜாடை காட்டினார்.

நிற்கட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.